அமெரிக்காவுக்கு வந்து விவசாயம் செய்த நார்வே முன்னோரைப் பழைய சென்சஸ் பதிவுகளில் எப்படிக் கண்டுபிடிப்பது?

என் மாமியாரின் தாத்தாவைத் தேடிய அனுபவத்திலிருந்து சொல்கிறேன். அவர் 1880களில் நார்வேயிலிருந்து வந்து, மின்னசோட்டாவின் மேற்குப் பகுதியில் கோதுமை பயிரிட்டவர். மாமியார் குடும்பப் பெயரை வைத்துப் பல வருஷம் தேடி அலுத்துப்போயிருந்தார்.

சிக்கலே அந்தப் பெயரில்தான். அந்தக் காலத்து நார்வே கிராமத்தாருக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. லார்ஸின் மகன் ஓலே என்றால் ஓலே லார்சன். அந்த ஓலேயின் மகன் ஓல்சன். குடியிருக்கும் பண்ணையின் பெயரும் கூடவே ஒட்டிக்கொள்ளும். பண்ணை மாறினால் அதுவும் மாறும். அமெரிக்கா வந்தபின் சிலர் அப்பா பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் பண்ணைப் பெயரை. சிலர் முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையே குடும்பப் பெயராகச் சுமக்கும் எனக்கு இது சட்டென்று புரிந்தது. அப்பா பெயரோடு ‘சன்’ சேர்த்துத் தேடினோம். ஒரே கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அதே பெயரில் பதினொரு பேர்!

இங்கே கைகொடுத்தது நிலம். பண்ணை எங்கே இருந்தது என்பது வீட்டில் தெரியும். எந்த நிலம் யாருடையது என்று காட்டும் பழைய கவுண்டி வரைபடங்கள் உண்டு. அதிலிருந்து அக்கம்பக்கத்தாரின் பெயர்களை எழுதிக்கொண்டோம். சென்சஸ் எடுத்தவர் வீடு வீடாகப் போனவர் என்பதால், பக்கத்து நிலத்துக்காரர்கள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருப்பார்கள். பண்ணை இருந்த டவுன்ஷிப்பின் (கவுண்டிக்குள் ஒரு சிறு பிரிவு) 1900ஆம் ஆண்டுத் தாள்களை வரிவரியாகப் படித்தோம். நாங்கள் எழுதிவைத்திருந்த இரண்டு அண்டை நிலத்துக்காரர்களுக்கு நடுவில் அவர் இருந்தார்.

குடியேறியவர்களைத் தேடுகிறவர்களுக்கு 1900 சென்சஸ் ஒரு புதையல். பிறந்த மாதமும் வருஷமும், எந்த வருஷம் வந்தார், குடியுரிமை வாங்கினாரா, பண்ணை சொந்தமா, அடமானத்தில் இருக்கிறதா எல்லாம் அதில் இருக்கும். பெண்களிடம் இன்னொன்றும் கேட்டார்கள்: பெற்றது எத்தனை, உயிரோடிருப்பது எத்தனை. அவர் மனைவியின் வரியில் ஆறு, நான்கு என்று இருந்தது. மாமியாருக்கு நான்கு பெயர்தான் தெரியும். அந்த எண்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லூத்தரன் தேவாலயப் பதிவேட்டைத் தேடிப் போனோம். மற்ற இரண்டு குழந்தைகளின் பெயர்களும் கிடைத்தன. ஞானஸ்நானமும் அடக்கமும் ஒரே குளிர்காலத்தில்.

வயதோ வந்த வருஷமோ ஒன்றிரண்டு தள்ளியிருந்தால் ‘இவர் வேறு ஆள்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். பதில் சொன்னது மனைவியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். 1890 தாள்களைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் சேதமாகி, அநேகமாக எல்லாமே அழிந்துவிட்டன. மின்னசோட்டா மாநிலம் தானே எடுத்த 1885, 1895 கணக்கெடுப்புகள் அந்த இடைவெளியை நிரப்பும்.

உங்கள் முன்னோர் 1880க்கு முன்பே வந்திருந்தால் விவசாயத்துக்கென்று தனியாக எடுத்த அட்டவணையையும் பாருங்கள். 1850 முதல் 1880 வரையிலானவை பல மாநிலங்களுக்குக் கிடைக்கின்றன. எத்தனை ஏக்கர், எத்தனை கறவை மாடு, எவ்வளவு கோதுமை, வீட்டில் எத்தனை பவுண்டு வெண்ணெய் எடுத்தார்கள் என்பது வரை அதில் இருக்கும். குடியேறி உழுகிறவர்களுக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் பெற்றவர் என்றால், தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய கோப்பைக் கேட்டு வாங்குங்கள். குடியேறியவர்களின் கோப்பில் குடியுரிமைப் பத்திரத்தின் நகலும் பெரும்பாலும் இருக்கும். சாட்சிகளாக வந்தவர்களின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்; அண்டை நிலத்துக்காரர்கள்தான் பெரும்பாலும் சாட்சி சொன்னார்கள்.

நார்வேயின் 1865 சென்சஸ், அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்கிவெட் இணையதளத்தில் இலவசம். ஆட்களோடு கால்நடைகளையும் விதைப்பையும்கூட அதில் கணக்கெடுத்திருக்கிறார்கள். பத்து வயதுப் பையனாக மாமியாரின் தாத்தாவை அங்கே பார்த்தோம். அவர் அப்பா பெயருக்கு எதிரே ‘ஹூஸ்மன்’ என்றிருந்தது: அடுத்தவர் பண்ணையில் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு வாங்கிப் பிழைத்தவர். ஒரு பசு, சில ஆடுகள். இன்று குடும்பமே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பண்ணைப் பெயர் அவர்களுடைய சொந்தப் பண்ணையின் பெயரே அல்ல. மாமியார் அந்தத் தாளை அச்சிட்டு, மின்னசோட்டாப் பண்ணையின் பத்திர நகலுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.