தலை எரிச்சலும் லிபோசோம் மருந்தும்

தம்பி, முடி வளர்வதற்கான 5 சதவீத மினொக்சிடில் மருந்தைப் பூசினால் தலை எரிந்து செதில் உதிர்கிறது, லிபோசோம் மருந்துக்கு மாறலாமா என்று ஹட்டனிலிருந்து கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் எரிச்சலைத் தருவது மருந்தல்ல. அதைக் கரைக்கச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கோல். எனக்கும் அப்படித்தான் இருந்தது. குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டால் நெற்றியோரம் சிவந்து தடித்துவிடும்.

லிபோசோம் என்பது உயிரணுச் சவ்வில் உள்ளது போன்ற கொழுப்பாலான நுண்குமிழி. மருந்தைச் சுமந்து மயிர்க்காலுக்குள் இறங்க உதவும். நல்ல வழிதான். ஆனால் லேபிளில் அந்தச் சொல்லைக் கண்டதும் வாங்கிவிடாதீர்கள், கிளைக்கோல் இருக்கிறதா என்று பாருங்கள். உறையவும் விடாதீர்கள், குமிழிகள் சிதைந்துவிடும்.

இப்போதைக்குப் பூசுவதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். கிளைக்கோல் இல்லாத நுரை மினொக்சிடிலும் உண்டு. அதைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். எதுவானாலும் பலன் தெரிய 4 மாதமாவது ஆகும்.