இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியில் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான உள்ளூர்ச் சேவைகளை எப்படி மேம்படுத்தலாம்?

தாயின் ஒருநாள் சம்பளத்திலிருந்து யோசியுங்கள் என்பதே என் பதில். பேச்சு வராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது அந்த நாள் சம்பளம் இல்லை. பஸ் கட்டணம் வேறு. சில தடவைகள் போய்விட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதைக் கவனக்குறைவு என்று சொல்வது அநியாயம். அங்கே சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், வீட்டில் செய்யவேண்டிய பயிற்சி தாய்க்கு எப்படிப் புரியும்?

ஆகவே சேவைதான் மலையேறி வரவேண்டும். தாய் கொழுந்து பறிக்கும் நேரமெல்லாம் பிள்ளை இருப்பது சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில், அதாவது நம் பழைய பிள்ளைக்காம்பராவில். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையை முதலில் கவனிக்கக்கூடியவர் அங்குள்ள பொறுப்பாளரே. அவருக்குப் பயிற்சி கொடுங்கள். தாய் சேய் நலம் பார்க்கும் குடும்ப நல உத்தியோகத்தரோடு இணைத்துவிடுங்கள். தமிழ் பேசும் சிகிச்சையாளர் மாதம் ஒருமுறையாவது அங்கேயே வரட்டும்.

பாடசாலை சேர்க்க மறுத்தால் சோர்ந்துவிடாதீர்கள். இயலாமையைக் காரணம் காட்டி அனுமதியில் பாரபட்சம் காட்டுவதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்துமூலம் முறையிடுங்கள், பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு.