கணக்குக் கேள்வி – பதில்: 4294967297 பகா எண்ணா?

கேள்வி: 4294967297-ஐ 2, 3, 5, 7, 11, 13 என வரிசையாக வகுத்தால் மீதி வந்துகொண்டே இருக்கிறது. கணினி இல்லாமல் இது பகா எண்ணா என்று கண்டுபிடிக்க முடியுமா? – கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: முடியும். இது பகு எண்: 641 × 6700417. ஆனால் 641 என்பது 116-ஆவது பகா எண். வரிசையாகப் போனால் அலுத்துவிடும். எண்ணின் உருவத்தைக் கவனியுங்கள்: 2³² + 1. இது ஃபெர்மா எண்: 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போக, அதோடு 1 கூட்டினால் கிடைப்பது. இதற்கு முந்தைய 3, 5, 17, 257, 65537 எல்லாமே பகா எண்கள். இந்த வரிசை முழுவதும் அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஃபெர்மா கருதினார். 1732-இல் கணித அறிஞர் ஆய்லர் அது தவறு என்று காட்டினார்.

p என்ற பகா எண் இதை வகுத்தால், 2³²-ஐ p-ஆல் வகுக்க மீதி −1 (அதாவது இன்னும் 1 கூட்டினால் மீதியின்றி வகுபடும்). எனவே 2⁶⁴-க்கு மீதி 1. அதற்குக் குறைந்த எந்த அடுக்கும் மீதி 1 தராது. p பகா எண் என்பதால் 2-இன் (p − 1)-ஆம் அடுக்குக்கும் மீதி 1 (ஃபெர்மாவின் சிறு தேற்றம்). ஆகவே p − 1, 64-இன் மடங்கு. 65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டே போய், பகா எண்களை மட்டும் எடுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே மீதி பூஜ்யம்! பின்னாளில் கணித அறிஞர் லூக்கா, p − 1 என்பது 128-இன் மடங்காகவே இருக்கும் என்று காட்டி, 64-ஐ 128 ஆக்கினார். அப்போது மிஞ்சுபவை 257, 641 இரண்டே.

வகுக்காமலும் நிறுவலாம். 641 = 5 × 2⁷ + 1. எனவே 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. 641 = 5⁴ + 2⁴ என்பதும் உண்மை; ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-க்கு மீதி 1 என்று வரும். அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும். இவ்வளவு சிக்கனமான நிரூபணம் அபூர்வம்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 6700417 பகா எண்ணா என்றும் பார்க்க வேண்டும். அதன் வர்க்கமூலம் சுமார் 2588. அதை வகுக்கும் பகா எண் 4294967297-ஐயும் வகுக்கும்; எனவே அதுவும் 128-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்கும். 2588-க்குள் அந்த 128k + 1 வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. எதுவும் வகுக்கவில்லை; எனவே அது பகா எண்.

கேள்வி: ஃபெர்மா சோதனையை 2-ஐ அடிமானமாக வைத்து நிரலாக எழுதினால் இந்த எண் தேறிவிடுகிறதே? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: தேறத்தான் செய்யும். N பகா எண்ணானால், 2-இன் (N − 1)-ஆம் அடுக்கை N-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும் என்பதே அந்தச் சோதனை. இங்கே N = 4294967297; N − 1 = 2³², அது 64-இன் மடங்கு; எனவே 2-இன் அந்த அடுக்குக்கு மீதி 1 வந்தே தீரும். அதாவது 2-ஐப் பொறுத்து இது போலிப் பகா எண்: பகு எண்ணாக இருந்தும் சோதனையில் தேறுவது. அடிமானத்தை 3 ஆக்கி, (N − 1)/2 அடுக்கின் மீதியைப் பாருங்கள். N பகா எண்ணாக இருந்தால் −1 வர வேண்டும்; இங்கே வராது, குட்டு வெளிப்படும். இன்னொன்று: குறியில்லாத 32 பிட் மாறியில் 4294967295 வரைதான் அடங்கும். இந்த எண்ணைப் போட்டால் 1 என்று பதிவாகும். 64 பிட் மாறியில் வைத்தாலும், பெருக்கும்போது இடைவிடை நிரம்பி வழியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேறு எந்த வகைகளில் இது சேரும்? – ஆசிரியை, மதுரை

பதில்: வகுத்திகள் நான்கே. தன்னைத் தவிர மற்றவற்றின் கூடுதல் 6701059; இது அந்த எண்ணைவிடச் சிறியது; ஆகவே குறை எண். இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரு விதமாக எழுதலாம்: 65536² + 1², 62264² + 20449². எந்தப் பகா எண்ணையும் இப்படி இரு விதமாக எழுத முடியாது. ஆகவே இந்த இரண்டு வரிகளே இது பகு எண் என்பதற்குத் தனிச் சான்று.