‘ராயபுரம் பார்ட்டி 3’ யாருங்க?

கேள்வி: வீட்டுத் தரகு பார்க்கிறேன், கூடவே ஹோம் லோனும் முடித்துத் தருகிறேன். போனில் ஏகப்பட்ட நம்பர், ஆனால் ‘ராயபுரம் பார்ட்டி 3’, ‘மெட்ரோ பக்கத்துல டபுள் பெட்ரூம்’ என்றெல்லாம் போட்டு வைத்திருப்பதால் கூப்பிட்டால் யாரென்றே பிடிபடுவதில்லை. நான் அலைந்து வீடு காட்டிய ஒருவர் கடைசியில் வேறு தரகர் மூலம் வாங்கிவிட்டார். மாதச் சந்தா கட்டி ஒரு சாஃப்ட்வேர் போடச் சொல்கிறார்கள். போடலாமா சார்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அதிலும் நீங்கள் ‘ராயபுரம் பார்ட்டி 3’ என்றுதான் ஏற்றப் போகிறீர்கள், போன் புக்குக்கு மாதாமாதம் வாடகை கட்டின கதையாகிவிடும். ஒரு நீள நோட்டோ, போனிலேயே கூகுள் ஷீட்டோ போதும், ஆனால் அதில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்: ‘ஐ.சி.எஃப். வேலை, டபுள் பெட்ரூம், கையில் 8 லட்சம், தரைத்தளம் வேண்டாம், மழைத்தண்ணீர் பயம், முடிவு சொல்வது வீட்டம்மா, பி.எஃப். பணம் வந்ததும் பேசச் சொன்னார், 12-ம் தேதி கூப்பிட வேண்டும்.’ கடைசியில் இருக்கிறதே அந்தத் தேதி, அதுதான் முக்கியம். அடுத்து எப்போது பேசுவது என்று எழுதாமல் ஒரு பெயரையும் விடாதீர்கள். உங்களிடம் வீடு பார்த்தவர் வேறு ஆளிடம் வாங்கினார் என்றால், அவர் வாங்கத் தயாரான வாரத்தில் உங்கள் போன் வரவில்லை, அந்த இன்னொருவர் போன் வந்தது, பெரும்பாலும் அவ்வளவுதான்.

‘கையில் எவ்வளவு’ என்பதைக் கேட்கச் சங்கடப்படாதீர்கள், லோனும் செய்கிற உங்களுக்கு அது தெரியாமல் வேலையே ஓடாது. 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 80 சதவீதம்தான் கடன், அதாவது 32 லட்சம். 90 சதவீதம் எல்லாம் கடன் தொகை 30 லட்சத்துக்குள் இருந்தால்தான், இது ரிசர்வ் வங்கி போட்ட கணக்கு. ஆக மேலே சொன்னவரின் 8 லட்சம் அதிலேயே தீர்ந்துவிடும், பத்திரச் செலவுக்கு எங்கே போவார்? இது தெரிந்தால் அவருக்கு 40 லட்ச ரூபாய் வீட்டைக் காட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க மாட்டீர்கள், அவரும் ‘அப்புறம் சொல்றேன்’ என்று நழுவ மாட்டார்.

விற்கிற பக்கத்துக்கும் இதே கதைதான். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பூர்வீக வீடு என்றால் ஓனர் ஒருவர் இல்லை, அண்ணன் தம்பி, கட்டிக்கொடுத்த அக்கா, இறந்துபோன சித்தப்பாவின் பிள்ளைகள் என்று வரிசையாக இருப்பார்கள். உங்களிடம் பேசுகிறவர் நம்பர் மட்டும்தான் இருக்கும், கையெழுத்துப் போட மறுப்பவர் நம்பர் இருக்காது. அட்வான்ஸ் வாங்கியதற்கு அப்புறம் அவரைத் தேடி ஓடுவதைவிட, பங்காளிகள் அத்தனை பேரையும் ஒரே வீட்டின் கீழ் முதல் நாளே எழுதி, யார் சம்மதித்தார், யார் இன்னும் யோசிக்கிறார் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

எப்போது கூப்பிடுவது என்பதையும் எழுதுங்கள். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போய் வந்தவரை மதியம் தூங்கும்போது எழுப்பி ‘சார் லோன் வேணுமா’ என்றால் என்ன பதில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மணலியில் ஷிஃப்ட் போகிறவர் வாரத்துக்கு ஒரு நேரம் சொல்வார்.

ஒரே மெசேஜை மொத்தமாக எல்லோருக்கும் அனுப்புகிற வாட்ஸ்அப் பிராட்காஸ்டை நம்பி உட்காராதீர்கள். ஒரு லிஸ்டில் 256 பேர்தான், அதிலும் உங்கள் நம்பரை அவர் சேமித்து வைத்திருந்தால்தான் போய்ச் சேரும், முகம் பார்த்து மறந்தவர்கள் சேமிக்க மாட்டார்கள். வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் இருக்கிறது: ‘வீடு பார்க்கிறார்’, ‘லீகல் நடக்கிறது’, ‘சாங்ஷன் ஆச்சு’ என்று நிறம் போட்டு வையுங்கள், காசு கேட்காது.

கேள்வி: லோன் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கஸ்டமர் லிஸ்டை ஒரு இன்டீரியர் கடைக்குக் கொடுத்தால் பணம் தருவதாகச் சொல்கிறார்களாம், ஓனர் என்னை ஷீட்டை அனுப்பச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: கூடாது. அவர்கள் லோனுக்காக நம்பர் கொடுத்தார்கள், கப்போர்டு போடுவதற்காக இல்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எதற்காக வாங்கினோமோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்து கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன, தரவைக் காப்பாற்றத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். ஓனரிடம் இதை வாயால் சொல்லாமல் மெசேஜாக அனுப்பிவிடுங்கள், நாளைக்கு ஒன்று என்றால் உங்கள் பக்கம் ஒரு சான்று இருக்கும். இன்டீரியர்காரர் நல்லவராக இருந்தால் அவர் நம்பரை கஸ்டமருக்குக் கொடுங்கள், வேண்டுமென்றால் அவர்களே கூப்பிடட்டும். அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் போன் கேலரியில் எத்தனை பேருடைய ஆதாரும் பான் கார்டும் சம்பளச் சீட்டும் குழந்தையின் பிறந்தநாள் போட்டோவோடு கலந்து கிடக்கின்றன? ஃபைல் வங்கிக்குப் போனதும் அழித்துவிடுங்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற ஆதார் போதும் என்கிற இடத்தில் அதையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வீடு வாங்கி முடித்தவர்களோடு தொடர்பு விடக்கூடாது என்கிறார்கள். பொங்கல், தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினால் போதுமா?
– வாசகர், கொளத்தூர்

பதில்: அனுப்புங்கள், தப்பில்லை, ஆனால் அன்றைக்கு வருகிற நூறு வாழ்த்தில் உங்களுடையதும் ஒன்று. அவருக்குக் காரியம் ஆகிற நாளில் கூப்பிடுங்கள். உதாரணமாக லோன் முடிகிற நேரம். கடன் அடைத்து 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் அவருக்குத் தர வேண்டும், 2023 டிசம்பரிலிருந்து இது ரிசர்வ் வங்கி விதி. பலருக்கு இது தெரியாது. பத்திரம் கைக்கு வந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்த ரசீதைப் பதிவு செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் நின்றுகொண்டே இருக்கும், விற்கப் போகும்போதுதான் முழிப்பார்கள். இதை நீங்கள் நினைவுபடுத்தி, வேண்டுமென்றால் கூடவே ஒரு நடை போய் வாருங்கள். மச்சான் வீடு தேடுகிறான் என்று அங்கேயே சொல்வார்.