கும்பிடுபூச்சி வீரனுக்கு உறக்கம் எதற்கு?

கேள்வி: கற்பனை வீரர்களாக நடித்து, பகடை உருட்டி ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில், கும்பிடுபூச்சி உருவம் கொண்ட திரி-கிரீன் இனத்தை என் நண்பர் தேர்ந்தெடுத்திருக்கிறார். நான்கு கைகள் இருப்பதால் ஒரே சுற்றில் நான்கு முறை வெட்டலாம் என்று வாதிடுகிறார். விதி அதற்கு இடம் தருகிறதா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: இடம் தரவில்லை. ஒரு சுற்றில் எத்தனை முறை தாக்கலாம் என்பதற்கும் கைகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. 2022-இல் வெளியான ‘ஸ்பெல்ஜாமர்’ விதித் தொகுப்பின்படி, கீழ்க்கைகள் இரண்டும் மேற்கைகளைவிடச் சற்றே சிறியவை; கதவைத் திறக்கவும் மூடவும், சிறு பொருளை எடுக்கவும் வைக்கவும், எடை குறைந்த ஆயுதத்தைப் பிடிக்கவுமே உதவும். கஞ்சத்தனமாகத் தோன்றினாலும், மேற்கைகளில் பெருவாளை ஓங்கியபடியே கீழ்க்கையால் கதவைத் தள்ளித் திறக்கக்கூடிய வீரன் வேறு இனங்களில் அரிது என்று நண்பரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: விடுமுறையில் என் மகனும் தோழர்களும் இதை ஆடுகிறார்கள். என் மகன் ஏற்று நடிக்கும் பூச்சி வீரன், முகமூடி மாட்டிய மனிதனைப் போலவே பேசுகிறான், சிந்திக்கிறான். அவனை வேறுபடுத்திக் காட்ட வழி உண்டா ஐயா?
– ஆசிரியை, தக்கலை

பதில்: உண்டு, அம்மா. பெரும்பாலோர் கொடுக்கு போன்ற வாயையும் உடலை மூடிய கடின ஓட்டையும் வருணிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த இனத்தின் சுவை அதன் உறங்காமையில்தான் இருக்கிறது. 1991-இல் வந்த ‘டார்க் சன்’ தொகுப்பு, ஆத்தாஸ் என்னும் பாலை உலகில் வாழும் திரி-கிரீன்களை ஆடுவோரே ஏற்று நடிக்கத்தக்க இனமாக்கியது. அந்த உலகில் அவர்கள் உறங்குவதேயில்லை. மற்றவர்கள் உறங்குவதைச் சோம்பல் என்றே எண்ணுகிறார்கள். அவர்களின் ஆயுளோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்தான். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தோழர்கள் இரவுதோறும் எட்டு மணி நேரம் கண்மூடிக் கிடப்பது, குறுகிய வாழ்வு வாழும் அவனுக்கு எவ்வளவு பெரிய வீணாகப் படும் என்பது விளங்கும். எனவே ஆட்டம் நடத்துபவர் ஒவ்வொரு முகாமிலும் அவனிடம், “எல்லோரும் தூங்குகிறார்கள், நீ என்ன செய்கிறாய்?” என்று கேட்கட்டும். அணையும் நெருப்பருகே அவன் படிகத்தால் ஆன சட்க்சா எறிகருவியைக் கூர்தீட்டலாம், வேட்டைக்குப் போகலாம், தூங்குபவரின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கலாம். (எல்ஃப் என்னும் மற்றொரு கற்பனை இனத்தாரின் இறைச்சி மேல் இவர்களுக்கு விருப்பம் உண்டு என்பதால், குழுவில் உள்ள எல்ஃப் வீரனுக்கு அந்த இரவு சற்று நீளமானதாகத்தான் இருக்கும்.)

அடுத்தது, கூட்ட உணர்வு. இவர்கள் கூட்டமாக வேட்டையாடுபவர்கள். உடன் வருவோரைத் தம் வேட்டைக் கூட்டமாகவே ஏற்றுக்கொண்டு, அதில் மூத்தவர் யார், இளையவர் யார் என்று வரிசைப்படுத்துவார்கள். குழுத்தலைவன் தடுமாறினால் அந்த இடத்துக்குப் போட்டியிடுவது இவர்கள் கண்ணில் துரோகம் ஆகாது. பேச்சைப் பொறுத்தவரை, ‘ஸ்பெல்ஜாமர்’ விதிகளில் இவர்களால் பிற இனத்தாரின் மொழிகளைப் பேச இயலாது. 120 அடிக்குள் உள்ள, விருப்பமுள்ள உயிர்களோடு மனத்தால் உரையாடலாம். ஆகவே மனத்தொடர்புக்கு இணங்காத எதிரியிடம் பேரம் பேச வேண்டிய கட்டத்தில் உங்கள் மகன் வாய் திறக்காமல் சைகையாலேயே சமாளிக்கட்டும்; மேசையில் அது தரும் வேடிக்கையே தனி.

கேள்வி: மனித அளவில் ஒரு பூச்சி உண்மையில் வாழ முடியுமா?
– பள்ளி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: முடியாது. பூச்சிக்கு நுரையீரல் இல்லை. உடலின் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து செல்லும் நுண்குழாய்கள் வழியே காற்று உள்ளே பரவுகிறது. உடல் பெருக்கப் பெருக்க இந்த ஏற்பாடு போதாமற்போகும். உயரம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும், கால்களின் வலிமையோ நான்கு மடங்குதான் கூடும். ஓட்டை உரிக்கும் வேளையில் புது ஓடு இறுகும்வரை அந்த எடையே உடலை நசுக்கிவிடும்.

கேள்வி: நம் மாவட்டத்தையே களமாக வைத்து ஆட விரும்புகிறோம். திரி-கிரீன்களை எங்கே குடியமர்த்தலாம்?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: உங்கள் ஊரிலேயே அமர்த்தலாம். குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களின் ஈரம் பாலை வேட்டையனுக்கு ஒத்துவராது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே முப்பந்தலை ஒட்டிய வறண்ட நிலம் பொருந்தும். ஓட்டின் நிறத்தைச் சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் திறன் அவனுக்கு இருப்பதால், அங்குள்ள உடைமரங்களுக்கிடையே அவனைக் கண்டுபிடிப்பது கடினம். தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியே சீறிவரும் காற்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: குறி தவறினால் எறிந்தவன் கைக்கே திரும்பும் சட்க்சா அந்தக் காற்றில் திசைமாறுகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு எறிதலுக்கும் கூடுதலாக ஒரு பகடை உருட்டச் சொல்லுங்கள்.