எத்திலீன் வாயு எப்படிப் பாலித்தீன் பை ஆகிறது?

எத்திலீன் வாயுதானே, அதிலிருந்து கையில் பிடிக்கிற பை எப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விடை அந்த மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது.

எத்திலீனின் இரு கார்பன்களுக்கு நடுவே இரண்டு பிணைப்புகள் உண்டு. அவற்றில் ஒன்று பலவீனமானது. வினையைத் தொடங்க, பெராக்சைடு என்ற எளிதில் உடையும் சேர்மத்தை எத்திலீனோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உடைந்து, இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட துண்டுகளாகும். அந்த எலக்ட்ரான் சும்மா இருக்காது. பக்கத்து எத்திலீனின் பலவீனமான பிணைப்பைப் பிளந்து ஒரு கார்பனோடு ஒட்டிக்கொள்ளும். உடனே மறுமுனைக் கார்பனில் ஓர் எலக்ட்ரான் தனியாக நிற்கும். அது அடுத்த எத்திலீனைப் பிடிக்கும், அப்புறம் அதற்கடுத்தது. இப்படி ஆயிரக்கணக்கில் சேர்ந்து உருவாகும் நீண்ட சங்கிலிதான் பாலித்தீன். வளரும் இரு சங்கிலிகள் சந்தித்தால் எலக்ட்ரான்கள் ஜோடியாகி வளர்ச்சி நின்றுவிடும்.

சரி, ஏன் கெட்டியாகிறது? சிறிய மூலக்கூறுகளுக்கு இடையேயான ஈர்ப்பு மிகக் குறைவு. நீண்ட சங்கிலிகளில் அதே ஈர்ப்பு நெடுகக் கூடிக்கொண்டே போகும். சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கியும் கொள்ளும்.

பாலித்தீன் கண்டுபிடிக்கப்பட்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஃபாசெட், கிப்சன் என்ற வேதியியலாளர்கள் எத்திலீனையும் பென்சால்டிஹைடு என்ற இன்னொரு வேதிப்பொருளையும் கடும் அழுத்தத்தில் வைத்தார்கள். கலனில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் கிடைத்தது. மறுபடி செய்தால் சரியாக வரவில்லை! தற்செயலாக நுழைந்த துளி ஆக்சிஜன்தான் வினையைத் தொடங்கியது என்பது பிறகே புரிந்தது.

அந்த உயர் அழுத்த முறையில் சங்கிலிகள் கிளைவிடும், நெருங்கி அடுக்காது. அதனால் மெல்லிய, வளையும் பை. 1953இல் ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் சீக்லர் கண்ட வினையூக்கி குறைந்த அழுத்தத்திலேயே கிளையில்லாச் சங்கிலிகளைத் தந்தது. விறைப்பான கேன்களும் குழாய்களும் அந்த வகைதான்.