பெண் வீட்டார் விசாரிக்கிறார்கள்: தெரிந்ததைச் சொல்லலாமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் பிரிவில் வேலை பார்க்கும் தம்பிக்கு 29 வயது. முன்பு கடுமையாகக் குடிப்பார். திங்கட்கிழமை என்றால் லீவு, வந்தாலும் கை நடுங்கும். ஒன்றரை வருடத்துக்கு முன் என்னிடம் வந்து, "அக்கா, ஆஸ்பத்திரில சேர்ந்து குடியை நிறுத்தப் போறேன். லீவு வேணும், யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். ஒரு மாத லீவுக்கு ஏற்பாடு செய்தேன். திரும்பி வந்ததிலிருந்து ஒழுங்காக இருக்கிறார்.

இப்போது அவருக்குப் பெண் அமைந்திருக்கிறது. பெண்ணின் அம்மா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். போன் செய்து, "பையன் உங்ககூடத்தான் வேலையாமே. பழக்கவழக்கமெல்லாம் எப்படிங்க அக்கா? நீங்க சொன்னா நம்பி முடிச்சுக்குவோம்" என்றார். வெளியே இருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுத்த வாரம் உறுதி வார்த்தை. என் கணவர், "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்னு சும்மாவா சொன்னாங்க, நீ வாயைத் திறக்காதே" என்கிறார். அம்மாவோ, "ஒரு பொண்ணோட வாழ்க்கை, மறைச்சா பாவம்" என்கிறார். எனக்கு இரண்டுமே நியாயமாகப் படுகிறது. என்ன செய்வது?

ஒரு வாசகி, கோவை

*

அன்புள்ள சகோதரிக்கு,

உடனே பதில் சொல்லாமல் போனை வைத்தீர்களே, அதுவே பாதிப் பிரச்சினையைத் தவிர்த்துவிட்டது. சொல்வதா, மறைப்பதா என்ற இரண்டு வழிதான் உண்டு என்று வீட்டில் இருவரும் நினைக்கிறார்கள். மூன்றாவது வழி இருக்கிறது: சொல்ல வேண்டியவர் வாயால், சொல்ல வேண்டிய நேரத்தில் இது வெளிவர வேண்டும். அதற்கு வழி செய்வதே உங்கள் வேலை.

முதலில், உங்களுக்குத் தெரிந்ததைப் பிரித்துப் பாருங்கள். திங்கட்கிழமை லீவும் கை நடுக்கமும், பிறகு வந்த ஒழுங்கும் நீங்கள் கண்ணால் கண்டவை. சிகிச்சை அவர் உங்களை நம்பிச் சொன்னது. "இப்போது குடிப்பதே இல்லை" என்பது உங்கள் ஊகம். வேலை நேரத்துக்கு வெளியே அவர் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே "குடிகாரன்" என்று சொல்வதும் சரியில்லை, "சுத்தமா விட்டுட்டான்" என்று உத்தரவாதம் தருவதும் சரியில்லை.

சிகிச்சை விவரம் அவருக்குச் சொந்தமானது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கம் தொடர்பான மனநிலைகளையும் சேர்த்தே, நோயாளியின் விவரத்தை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. அந்தச் சட்டம் மருத்துவத் தரப்பைக் கட்டுப்படுத்துவது. ஆனால் மேலதிகாரி என்பதால்தான் இது உங்கள் காதுக்கு வந்தது. அதைச் சொந்தக்காரர் வீட்டுக்கு எடுத்துப் போனால், நாளை அதே பிரிவில் சிகிச்சைக்கு லீவு கேட்க யாருக்கும் துணிவு வராது.

அதேசமயம் பெண்ணுக்கும் உரிமை உண்டு. மாப்பிள்ளையைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கியிருந்தால், இந்து திருமணச் சட்டத்தின் 12வது பிரிவின்படி அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். உண்மை தெரியவந்த ஒரு வருடத்துக்குள் மனு செய்ய வேண்டும். கோர்ட் வரை போகாவிட்டாலும், கல்யாணமான மூன்றாம் மாதம் பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிய வந்தால், குடியைவிட மறைத்ததுதான் பெரிதாகத் தெரியும்.

இனி செய்ய வேண்டியது. நாளையே தம்பியிடம் பேசுங்கள். கேன்டீனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம், எழுத்து எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஷிப்ட் முடிந்த பிறகு, காதுக்கு எட்டாத இடத்தில் கால் மணி நேரம் போதும். இப்படிச் சொல்லுங்கள்: "பொண்ணு வீட்ல என்கிட்ட விசாரிச்சாங்க. நான் எதுவும் சொல்லலை. நீ என்கிட்ட சொன்னதை நான் சொல்ல மாட்டேன், ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன். உறுதி வார்த்தைக்கு முன்னாடி நீயே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு." கெடு முக்கியம். பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு சொன்னால், மறுக்கும் சுதந்திரம் பெண்ணுக்கு இருக்காது. முதலில் பெண்ணிடம், பிறகுதான் பெரியவர்களிடம். வரிசை மாறினால் அது ஊர்ப் பஞ்சாயத்தாகிவிடும்.

அவர் சொல்லும்போது முழுசாகச் சொல்லட்டும்: எத்தனை வருடம் குடித்தார், எப்போது சிகிச்சை, என்றிலிருந்து தொடவில்லை, இடையில் வழுக்கியதா, இப்போதும் டாக்டரைப் பார்க்கிறாரா, மாத்திரை உண்டா. குடியை விடக் கொடுக்கும் டைசல்ஃபிராம் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மனைவிக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். அந்த மாத்திரையோடு ஆல்கஹால் சேர்ந்தால் முகம் சிவந்து, படபடப்பும் வாந்தியும் வரும். சிலருக்கு ஆபத்தாகவும் முடியும். செரிமானத்துக்கென்று வீட்டில் கொடுக்கும் அரிஷ்டத்திலும் சில இருமல் சிரப்புகளிலும் ஆல்கஹால் உண்டு. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு வரலாம். பெண் விரும்பினால் இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்கலாம்.

முழுமையாக விட்டு ஒரு வருடத்தைக் கடப்பதை மருத்துவம் நல்ல கட்டமாகவே கருதுகிறது. மறுபடி வழுக்கும் ஆபத்து குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. "ஒரு கால்கட்டு போட்டா திருந்திடுவான்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். திருத்தும் பொறுப்பைப் புதுப்பெண் தலையில் கட்டுவது அநியாயம்.

அவர் பேசுவதற்குள் பெண்ணின் அம்மா மறுபடி அழைத்தால்? வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் தயங்கினாலே அவருக்கு ஏதோ புரிந்துவிடும். "அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க" என்பது சொல்லிக் கொடுத்ததற்குச் சமம். "தங்கமான பையன், ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது" என்பது பொய், பின்னால் உங்கள் மேலேயே வரும். இப்படிச் சொல்லலாம்: "வேலையில கெட்டிக்காரர், ஒழுங்கா வர்றார். கூட வேலை செய்யறவங்களைப் பத்தி வேலைக்கு மேல நான் யார்கிட்டயும் பேசறதில்லைங்க. எந்தப் பையனா இருந்தாலும் பொண்ணும் பையனும் தனியா உட்கார்ந்து எல்லாத்தையும் வெளிப்படையா பேசட்டும்." இதே வார்த்தையை வேறு யாருக்காக யார் கேட்டாலும் சொல்லுங்கள். அப்போதுதான் இது அவருக்கு மட்டும் போட்ட திரை ஆகாது.

அவர் சொல்ல மறுத்தால், "என்னைச் சாட்சியாக வைத்து இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது" என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு, பெண் வீட்டாரிடம் "நான் பொறுப்பேற்க முடியாதுங்க, நீங்களே நல்லா விசாரிச்சுக்குங்க" என்று ஒதுங்குங்கள். மறுபடி குடிக்கிறார், அல்லது யாரையாவது அடித்திருக்கிறார் என்று உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தால் கணக்கு வேறு. அப்போது பெண்ணின் பாதுகாப்பே முதலில். பெண் வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் மட்டும், நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள். அப்போதும் சிகிச்சை விவரம் வேண்டாம்.

உங்கள் கணவருக்கும் அம்மாவுக்கும் தெரிந்தது தெரிந்ததுதான். அவர்களோடு நிற்கட்டும் என்று இன்றே கேட்டுக்கொள்ளுங்கள். தம்பிக்குப் பேசப் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 என்ற எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அவர் உண்மையைச் சொன்ன பிறகு பெண் வீட்டார் உங்களை மறுபடி அழைக்கக்கூடும். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, நீங்கள் பார்த்ததை அப்போது தாராளமாகச் சொல்லலாம்: லீவு முடிந்து வந்ததிலிருந்து திங்கட்கிழமைகளில் அவர் ஒழுங்காக வேலைக்கு வருகிறார் என்று.